தேர்தல் ஆலோசகராக வேலை செய்துகொண்டே நம் விருப்பப்படி உடுத்த முடியுமா?

முடியும், நிறத்தில் மட்டும் கவனம் வேண்டும். நான் தமிழ்நாட்டுத் தேர்தல் களத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

இங்கே எந்தத் துணிக்கும் கட்சி உண்டு. கறுப்புச் சட்டை போட்டால் பெரியார் திடலிலிருந்து வருகிறீர்களா என்பார்கள். காவிக்கு விளக்கமே தேவையில்லை. நீலம் அம்பேத்கரை நினைவூட்டும், சிவப்பு கம்யூனிஸ்டுகளை. மஞ்சள் துண்டு கலைஞருடையது. கறுப்பும் சிவப்பும் சேர்ந்து வந்தால் தி.மு.க., நடுவில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தால் அ.தி.மு.க. துப்பட்டா வாங்கும்போது இதையெல்லாம் யார் யோசிப்பார்கள்? கருத்துக்கணிப்புக்குப் போகிறவர்கள் யோசித்தே ஆக வேண்டும். கேட்கிறவர் எந்தக் கட்சி என்று தோன்றிவிட்டால் வாசலில் நிற்பவர் அதற்கேற்ற பதிலைச் சொல்லி அனுப்பிவிடுவார். அந்த நாட்களில் மட்டும் நான் யார் கண்ணிலும் தங்காத வெளிர்நிறச் சுடிதாரில் போவேன்.

மற்ற நாட்களில் என் பாணியை விட்டதில்லை. ஒட்ட வெட்டிய முடி, வெள்ளி மூக்குத்தி, தொளதொளவென்ற அச்சுப் பருத்திச் சட்டை. ஒன்றியச் செயலாளர் ஒருவர் என் தலையைப் பார்த்து, "ஏம்மா, திருப்பதிக்கு வேண்டுதலா?" என்று கேட்டார். கிண்டல் பாதி, அக்கறை பாதி. வாக்குச்சாவடி வாரியாக வாக்குகளைக் காட்டும் படிவம் 20ஐ விரித்து வைத்தேன். அவர் வாக்களிக்கும் சாவடியிலேயே அவர் கட்சி பின்தங்கியிருந்தது. பேச்சு என் தலையை விட்டு அவர் தெருவுக்குப் போய்விட்டது.

புதிதாக வரும் ஆண்கள் சிலர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியுமாக நிர்வாகிகளைப் போலவே வந்து நிற்பார்கள். பணிவைக் காட்டுவதாக நினைப்பு. உள்ளூர் நிர்வாகி அதை அப்படிப் பார்ப்பதில்லை. அடுத்த முறை சீட்டுக்கு வரிசையில் நிற்க இன்னொருவன் வந்துவிட்டான் என்றுதான் அவருக்குப் படும். நம்மைக் காசு கொடுத்து வைத்திருப்பதே மாவட்டச் செயலாளர் சொல்லத் தயங்குவதைத் தலைமையிடம் சொல்வதற்கு. வெளியாள் வெளியாளாகவே தெரிவதில் தப்பில்லை.

நம் ரசனையை வேட்பாளர்மேல் ஏற்றுவதுதான் ஆபத்து. 2015இல் 'நமக்கு நாமே' பயணத்தில் மு.க. ஸ்டாலின் வேட்டியை விட்டுவிட்டு வண்ணச் சட்டையும் பேன்ட்டுமாக நடந்தது ஊரெல்லாம் பேச்சானது. 2016இல் தி.மு.க.வுக்கு 89 இடங்கள் கிடைத்தன, ஆட்சி கிடைக்கவில்லை. அதற்குச் சட்டைமேல் பழி போட மாட்டேன். ஆனால் உடையைப் பற்றிப் பேசுகிறவர்களையெல்லாம் வாக்குக் கணக்கில் சேர்க்கிற பழக்கம் எங்கள் தொழிலில் நிறைய உண்டு. காலமெல்லாம் வேட்டி கட்டிய மனிதருக்கு ஜீன்ஸ் மாட்டிவிட்டால் அவர் நடையே மாறிவிடும். தெருக்காரர்கள் அதைத்தான் முதலில் கவனிப்பார்கள்.

நீங்கள் கேட்டது உடையைப் பற்றி. இந்த வேலையில் அதற்கு முன்னால் பறிபோவது உங்கள் குரல். நீங்கள் எழுதிய வரி வேறொருவர் வாயிலிருந்து வரும், கைதட்டலும் அவருக்கே. யாரிடமும் சொல்லக் கூடாது என்று முதலிலேயே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பழைய முகநூல் பதிவுகளை எதிர்க்கட்சியினர் தோண்டுவதற்கு முன் உங்கள் நிறுவனமே தோண்டும். பிடித்த அரசியல்வாதியைப் பற்றி நாலு வரி எழுதாமல் இருக்க முடியாதவர்களுக்கு இது நரகம். நான் சமையல் படங்கள் மட்டும் போடுகிறேன்.

பெட்டியில் என்ன வைப்பது என்று கேட்டால், பருத்தி மட்டும். 2021இல் இங்கே வாக்குப்பதிவு ஏப்ரல் 6, 2024இல் ஏப்ரல் 19. அந்த வெயிலில் பிரசார வாகனத்தின் பின்னால் போகிறவருக்குச் செயற்கை இழைத் துணி ஆகாது. வாக்குப்பதிவு முடிவதற்கு 48 மணி நேரம் முன்பு பிரசாரம் ஓய்ந்துவிடும். அந்தத் தொகுதியில் வாக்கில்லாத கட்சி ஆட்களை வெளியேறச் சொல்வார்கள், தங்கும் விடுதிகளில் சோதனையும் நடக்கும். நம்மையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள், என்ன உடுத்தியிருந்தாலும்.