கண்ணில் படாத கணினிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கும் நிறை கணிமை, அதாவது நம்மைச் சுற்றியுள்ள பொருள்களிலெல்லாம் கணினி கலந்திருப்பது என்பதை எதிர்காலத் தொழில்நுட்பம் என்று எங்கள் பாடத்தில் குறிப்பிடுகிறார்கள். எல்லோர் கையிலும் திறன்பேசியும் இணையமும் வந்துவிட்ட பிறகும் அதை எதிர்காலம் என்று சொல்வது பொருந்துமா, ஐயா? – கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: பாதி வந்துவிட்டது, அதுவும் எளிதான பாதி. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய மார்க் வைசர் 1988 வாக்கில் இந்தக் கருத்தை முன்வைத்து, 1991 செப்டம்பரில் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் வெளியான கட்டுரையில் அதை விரிவாக விளக்கினார். உள்ளங்கையில் அடங்குவது, ஏட்டின் அளவில் இருப்பது, சுவரில் மாட்டுவது என மூன்று அளவுகளில் கருவிகளை அவருடைய குழுவினர் உருவாக்கினார்கள். ஒரே அறையில் இத்தகைய கணினிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. எண்ணிக்கை பெருகும் என்ற அளவில் அவர் கணித்தது பெரிதும் பலித்துவிட்டது. ஆனால் அவர் முதன்மையாக வலியுறுத்தியது எண்ணிக்கையை அன்று. அச்சிட்ட எழுத்தைப் படிக்கும்போது நாம் எழுத்தின் வடிவத்தை எண்ணிப் பார்க்காமல் பொருளை மட்டும் உள்வாங்கிக்கொள்வதைப் போல, கணினியும் நம் கவனத்திலிருந்து விலகி நிற்க வேண்டும் என்பதையே அவர் வலியுறுத்தினார். நம் கருவிகளோ நாள் முழுவதும் நம்மை அழைத்துக்கொண்டே இருக்கின்றன.

வைசர் மிகவும் விரும்பிக் காட்டிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. நடாலி ஜெரமிஜென்கோ என்ற கலைஞர் அந்த ஆய்வு மையத்தின் கூரையில் ஒரு சிறிய மோட்டாரைப் பொருத்தி, அதிலிருந்து எட்டு அடி நீளமுள்ள பிளாஸ்டிக் கயிற்றைத் தொங்கவிட்டார். மோட்டார் அலுவலகத்தின் கணினி வலையமைப்புக் கம்பியோடு இணைக்கப்பட்டிருந்தது. தகவல் கடந்து செல்லச் செல்லக் கயிறு துடிக்கும். தகவல் போக்குவரத்து குறைந்தால் சில வினாடிகளுக்கு ஒருமுறை மெல்ல அசையும். மிகுந்தால் ஓசையோடு சுழலும். அதற்குத் திரையும் இல்லை, எச்சரிக்கை மணியும் இல்லை. அந்தப் பக்கமாகச் செல்பவர் ஓரக்கண்ணால் பார்த்தே வலையமைப்பின் நிலையை அறிந்துகொள்ளலாம். தேவையில்லாதவர் பாராமலே போகலாம். விற்பனைக்கு வரும் கருவிகளில் இந்தப் பண்பு அரிதாகவே தென்படுகிறது. நீங்கள் கேட்கும் எதிர்காலம் என்பது, என் பார்வையில், இந்த மறுபாதிதான்.

கேள்வி: கணினிச் சில்லுகளின் விலை இறங்கிக்கொண்டே வருகிறது. அப்படியிருந்தும் வீட்டின் ஒவ்வொரு பொருளிலும் ஓர் உணரி (சென்சார்) என்ற நிலை ஏன் இன்னும் வரவில்லை? – ஓய்வு பெற்ற மின்பொறியாளர்

பதில்: தங்கள் துறையிலேயே விடை இருக்கிறது: மின்சாரம். சி.ஆர். 2032 என்ற வட்ட வடிவ மின்கலத்தை எடுத்துக்கொள்வோம். 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட இந்தக் கலம் ஏறத்தாழ 225 மில்லி ஆம்பியர்-மணி மின்னூட்டத்தைத் தாங்கும். ஓர் உணரி கம்பியில்லாமல் செய்தி பெறும் தன் ரேடியோப் பகுதியை எந்நேரமும் திறந்து வைத்துக்கொண்டு 5 மில்லி ஆம்பியர் எடுக்குமானால் 45 மணி நேரத்தில் கலம் தீர்ந்துவிடும். இரண்டு நாள்கூட இல்லை. அதே உணரி பெரும்பாலான நேரம் உறங்கி, இடையிடையே கண் விழித்து ஒரு சிறு செய்தியை அனுப்பிவிட்டு மீண்டும் உறங்கி, சராசரியாக 10 மைக்ரோ ஆம்பியர் மட்டும் எடுத்தால் 22,500 மணி நேரம், அதாவது இரண்டரை ஆண்டுக்குச் சற்று மேலாக உழைக்கும். எனவே இந்தத் துறையின் பொறியியல் திறமையில் பெரும்பகுதி கருவியை நன்றாக உறங்க வைப்பதிலேயே செலவாகிறது.

இந்தக் கணக்கை வீட்டுக்கு விரித்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் இரண்டரை ஆண்டு உழைக்கும் 100 உணரிகள் இருந்தால், சராசரியாக ஒன்பது நாளுக்கு ஒரு கலத்தை யாராவது மாற்றியாக வேண்டும். அந்த யாராவது யார் என்ற கேள்வியை விளம்பரங்கள் எழுப்புவதே இல்லை. ஆகவே அடுத்து வரும் கருவிகளில் நிலைத்து நிற்பவை, சுவர் மின்சாரத்தை எடுப்பவையாகவோ, அறை வெளிச்சத்திலிருந்தும் அதிர்விலிருந்தும் சிறிதளவு ஆற்றலைத் திரட்டிக்கொள்பவையாகவோ, படிக்கும் கருவி அனுப்பும் ரேடியோ அலையிலேயே உயிர்பெறும் மின்கலமற்ற ஆர்.எஃப்.ஐ.டி. என்ற அடையாள வில்லைகளாகவோ இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

கேள்வி: திறன்பேசி மறைந்துவிடுமா?

பதில்: அண்மையில் மறையாது. அன்றாடம் சலிக்காமல் மின்னேற்றம் செய்ய மனிதர்கள் இசைந்துவிட்ட கருவி அது. அந்தப் பழக்கத்தை வேறொரு பொருளுக்குக் கற்றுக்கொடுப்பது எளிதன்று.

கேள்வி: ஒலிவாங்கியும் ஒளிப்படக் கருவியும் இல்லாத உணரிகளால் நம் அந்தரங்கத்துக்குத் தீங்கில்லை என்கிறார்களே, அதை நம்பலாமா? – இல்லத்தரசி ஒருவர்

பதில்: முழுவதுமாக நம்ப முடியாது, அம்மா. மின்சார மீட்டரைப் பாருங்கள். அதற்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. ஆயினும் 1980-களிலேயே அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜார்ஜ் ஹார்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள், வீட்டுக்குள் நுழையும் ஒரே கம்பியின் மின்னோட்டத்தை அளந்தே உள்ளே எந்தெந்தச் சாதனம் இயங்குகிறது என்று பிரித்தறியும் முறையை உருவாக்கினார்கள். குளிர்ப்பெட்டி சீரான இடைவெளியில் இயங்கி ஓயும். நீர்சூடேற்றியின் மின்னோட்டம் திடீரென உயர்ந்து சில நிமிடங்களில் இறங்கும். சில நாள் கவனித்தால் வீட்டார் எழும் நேரம், உறங்கும் நேரம், வெளியூர் சென்ற நாள் எல்லாம் வெளிப்பட்டுவிடும்.

தனித்தனியே அற்பமாகத் தோன்றும் தகவல்கள் ஒன்றுசேரும்போது நிகழ்வதும் இதுவே. உடற்பயிற்சியாளர்களின் ஓட்டப் பாதைகளைத் திரட்டி, உடற்பயிற்சிச் செயலி நடத்தும் ஸ்ட்ராவா நிறுவனம் 2017 நவம்பரில் உலக வரைபடமாக வெளியிட்டது. ஆளரவமற்ற பகுதிகளில் அதில் ஒளிர்ந்த கோடுகள் இராணுவ முகாம்களின் எல்லைகளைக் காட்டிக்கொடுத்தன என்பது 2018 ஜனவரியில்தான் உலகுக்குத் தெரியவந்தது. ஓடிய வீரர்கள் தங்கள் ஓட்டத்தை மட்டுமே பதிவு செய்வதாக எண்ணியிருப்பார்கள். கணினி கண்ணிலிருந்து மறைவது எனக்கு உடன்பாடானதே. ஆனால் கேட்டால் தன்னைக் காட்டிக்கொள்ளாத, அணைக்க வழியில்லாத கருவி மறைந்திருக்கிறது என்பதைவிட ஒளிந்திருக்கிறது என்பதே பொருத்தம்.

கேள்வி: இத்தகைய கருவிகளை வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? – பெயர் குறிப்பிட விரும்பாத வாசகர்

பதில்: விலைக்கும் வசதிக்கும் முன்பாக அதன் ஆயுளைக் கேளுங்கள். ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டு மையக் கருவியை 300 டாலர் கொடுத்து வாங்கியவர்கள் உண்டு. அதைத் தயாரித்த நிறுவனத்தைக் கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் நிறுவனம் 2014-இல் வாங்கியது. 2016 மே மாதம் அதை இணையம் வழியே இயக்கிவந்த வழங்கிகள் (சர்வர்கள்) நிறுத்தப்பட்டவுடன், பழுதே இல்லாத கருவிகள் பயனற்றுப் போயின. அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத வீட்டுக் கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் மிராய் என்ற தீநிரல் பெருமளவில் கைப்பற்றி, இணைய முகவரிச் சேவை வழங்கும் டின் நிறுவனத்தைத் தாக்கியதால், ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கும் மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. கேமராவின் சொந்தக்காரர்களுக்குப் படம் வழக்கம்போலத் தெரிந்துகொண்டிருந்ததால், தங்கள் கருவி அத்தாக்குதலில் பங்கெடுத்தது அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சட்டங்கள் பின்னால் வருகின்றன. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான, எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லோடு விற்பதைப் பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் தடை செய்துள்ளது. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் குறைந்தது எதுவரை கிடைக்கும் என்பதையும் தயாரிப்பாளர் அறிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் முதன்மையான விதிகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வரவுள்ளன. நீங்கள் எங்கிருந்தாலும் விற்பவரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம்: புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை கிடைக்கும்? இணையத்தைத் துண்டித்தால் விளக்கு எரியுமா, பூட்டு திறக்குமா? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காவிட்டால், பழைய சுவிட்சையும் சாவியையும் கழற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்.