மணி பக்கத்து வீட்டு நாயைக் கவ்விக் குதறிவிட்டான், இனி என்ன செய்வது?

கேள்வி: எங்கள் மணிக்கு நாலு வயது. கலப்பினம், ஆண், 30 கிலோ இருப்பான். குட்டியிலிருந்து வளர்க்கிறோம். வீட்டில் யாரையும் ஒன்றும் செய்யமாட்டான், என் ஒன்பது வயதுப் பையன் அவன்மேல் சாய்ந்துகொண்டுதான் டிவி பார்ப்பான். ஆனால் இரண்டு வயதுக்கு அப்புறம் வேறு நாயைக் கண்டாலே ஆகவில்லை. முதலில் உறுமுவான். என் கணவர் ஒவ்வொரு தடவையும் கயிற்றைச் சுண்டி, அதட்டி, சில சமயம் ஓர் அடியும் போட்டு அந்த உறுமலை நிறுத்திவிட்டார். போன வருடம் இரண்டு சண்டை, இரண்டிலும் சத்தம்தான் பெரிது, காயமில்லை. போன மாதம் பையன் கேட்டைச் சரியாகச் சாத்தாமல் விட்டதில் வெளியே பாய்ந்து பக்கத்து வீட்டுச் சின்ன நாயின் கழுத்தைக் கவ்வி உலுக்கிவிட்டான். உறுமக்கூட இல்லை. அது தையல் போட்டுப் பிழைத்தது. தெரிந்தவர் ஒருவருக்குப் பெரிய இடம் இருக்கிறது, அங்கே கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். முள் பட்டை போட்டால் ஒரே மாதத்தில் சரியாகிவிடுவான் என்கிறார் ஒரு பயிற்சியாளர். கருத்தடை செய்தால் அடங்கிவிடும் என்கிறார்கள் சிலர். இப்போதெல்லாம் காரில் ஏறக்கூட யோசிக்கிறான், அவனுக்கே குற்ற உணர்ச்சியோ என்னவோ. மணி கெட்டவனா? நான் என்ன முடிவு எடுப்பது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: காரில் ஏற யோசிக்கிறான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, நான் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன். அது குற்ற உணர்ச்சி இல்லை. நாலே வயதில், நேற்றுவரை தாவி ஏறின நாய் இன்றைக்குக் காலைத் தூக்கத் தயங்குகிறது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இடுப்பு, முழங்கால், முதுகு. பெரிய நாய்கள் பலவற்றுக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளர்ந்து, இளம் வயதிலேயே தேய ஆரம்பித்துவிடும். வலி இருந்தால் நொண்டித்தான் ஆகவேண்டும், முனகித்தான் ஆகவேண்டும் என்றெல்லாம் இல்லை. வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், துள்ளிக்கொண்டு வருகிற இன்னொரு நாய் எங்கே தன்மேல் மோதிவிடுமோ என்று முந்திக்கொண்டு பாய்கிற நாய்கள் நிறைய. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்து டேனியல் மில்ஸும் அவரோடு பணியாற்றுகிறவர்களும் 2020இல் எழுதிய கட்டுரையில், நடத்தைப் பிரச்சினை என்று அனுப்பப்படுகிற விலங்குகளில் குறைத்துச் சொன்னாலும் மூன்றில் ஒரு பங்குக்கு ஏதாவது ஒரு வலி இருக்கிறது என்கிறார்கள்.

அதனால் பயிற்சியாளரைத் தேடுவதற்கு முன்னால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். "சண்டை போடுகிறான் டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள். மணி காலையில் எழுந்திருப்பது, படியேறுவது, காருக்கு முன்னால் நின்று யோசிப்பது எல்லாவற்றையும் ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், ஏனென்றால் மேஜைமேல் பயத்தில் விறைத்து நிற்கிற நாயிடம் வலி இருப்பது பல சமயம் தெரியாது. காது, பல், தோல் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுக்கலாம் என்றால் எடுங்கள். ஒன்று மட்டும், வலி மாத்திரையோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற நாய்கள்மேல் அவனுக்கு இருக்கிற பகை இரண்டு வருடத்துச் சங்கதி, வலி அதில் ஒரு பகுதியாக இருக்கலாம், அவ்வளவுதான்.

கெட்டவனா என்று கேட்கிறீர்கள். இல்லை. மனிதர்களோடு பழகுவதும் மற்ற நாய்களோடு பழகுவதும் நாய்க்கு வேறு வேறு விஷயம், ஒன்றில் தங்கமாக இருந்துகொண்டே இன்னொன்றில் தேறாமல் போகிற நாய்கள் எத்தனையோ. குட்டியாக எல்லோரோடும் விளையாடிவிட்டு, ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் முழு வளர்ச்சி வரும்போது மற்ற நாய்களைச் சகிக்காமல் போவதும் புதிதல்ல, மணியும் அந்தக் கணக்கில்தான் வருகிறான். ஆனால் இதைத் திருப்பியும் போட்டுப் பாருங்கள்: பையன் சாய்ந்து படுத்தாலும் சும்மா இருக்கிறான் என்பது, தெருவில் அவன் இன்னொரு நாயை என்ன செய்வான் என்பதற்குச் சாட்சி ஆகாது. வீட்டுக்கு வருகிறவர்களிடமும் அக்கம்பக்கத்திலும் நீங்கள் அந்தச் சாட்சியைத்தான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இனிமேல் வேண்டாம்.

எவ்வளவு ஆபத்து என்பதைக் குணத்தை வைத்துப் பார்க்காமல் காயத்தை வைத்துப் பாருங்கள். இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் நாய்க்கடியை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார். மனிதர்கள்மேல் விழுகிற கடிக்காக வகுத்ததுதான், ஆனாலும் நாய்ச் சண்டையையும் அந்தக் கண்ணோடு பார்க்கலாம். முதல் படியில் பல் படவே படாது, இரண்டாவதில் படும், துளைக்காது. மூன்றாவதில் ஒரு கடியில் ஒன்றிலிருந்து நாலு துளை, எதுவும் கோரைப்பல்லின் பாதி நீளத்தைத் தாண்டாது. நாலாவதில் அதைவிட ஆழமாக இறங்கியிருக்கும், அல்லது கவ்விப் பிடித்து உலுக்கின அடையாளம் இருக்கும். ஐந்தாவது அப்படிப் பல தடவை கடித்தது, ஆறாவது உயிர் போனது. போன வருடத்துச் சண்டைகள் இரண்டும் முதல் இரண்டு படிக்குள். அத்தனை ஆர்ப்பாட்டத்திலும் காயம் படாமல் முடிந்தது என்றால் அங்கே அவன் பல்லை அடக்கித்தான் வைத்திருந்தான். போன மாதத்தது நாலாவது படி. ஒரே தாவலில் இரண்டு படி ஏறியிருக்கிறான், அதுவும் ஒரு சின்ன நாயிடம்.

அந்தச் சின்ன நாய் ஓடியதா, கீச்சென்று கத்தியதா என்று நீங்கள் எழுதவில்லை, யோசித்துப் பாருங்கள். சின்ன உருவம் விருட்டென்று ஓடும்போது சில நாய்களுக்குச் சண்டைப் புத்தி போய் வேட்டைப் புத்தி வந்துவிடும், வேட்டையில் எந்த நாயும் உறுமி எச்சரிக்காது. அப்படி என்றால் மணியைப் பூனை, முயல், குட்டி நாய் எதன் பக்கமும் எந்தக் காலத்திலும் நம்பமுடியாது, பயிற்சி எவ்வளவு நன்றாக நடந்தாலும். இல்லையென்றால் இன்னொரு காரணம் இருக்கிறது, உங்கள் கணவருக்குக் கசக்கும். உறுமல் என்பது "கிட்டே வராதே" என்று நாய் கொடுக்கிற எச்சரிக்கை. அதை அதட்டி அடித்து நிறுத்தினால் உள்ளே இருக்கிற பயமோ எரிச்சலோ அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும், அப்புறம் நேராகக் கடிதான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2009இல் வந்த ஓர் ஆய்வில், நடத்தைப் பிரச்சினைக்காக நாயைக் கூட்டிவந்த வளர்ப்பவர்களிடம் அதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்த நாய்களில் 43 சதவீதம் பதிலுக்குச் சீறியோ கடித்தோ இருந்தன. ஆகவே முள் பட்டைக்காரரை விட்டுவிடுங்கள். இன்னொரு நாய் கண்ணில் பட்டதும் கழுத்தில் குத்துகிறது என்றால் மணி என்ன கற்றுக்கொள்வான், நாய் வந்தால் வலிக்கும் என்றுதானே? ஒரு மாதத்தில் சரியாக்கித் தருகிறேன் என்கிற எவரையும் நான் நம்பமாட்டேன்.

கருத்தடையா, வேறு காரணங்களுக்காகச் செய்வதென்றால் செய்யுங்கள். ஆண் நாய்கள் ஒன்றோடொன்று முறைத்துக்கொள்வது கொஞ்சம் குறையலாம், பயத்தில் கடிக்கிற நாய்க்கு அதனால் பெரிதாக ஒன்றும் மாறாது.

பயிற்சி உதவும், ஆனால் அது மெதுவான, அலுப்பான வேலை. இன்னொரு நாய் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆனால் மணி விறைக்காத, இன்னமும் தின்பண்டத்தை வாங்கித் தின்கிற தூரத்தில் தெரிய வேண்டும். முதலில் அது அறுபது எழுபது அடியாகக்கூட இருக்கலாம். நாய் தெரிந்தால் தின்பண்டம், மறைந்தால் தின்பண்டமும் நின்றுவிடும். இப்படியே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் குறைப்பது. அவன் வாங்கித் தின்ன மறுத்தாலோ குரைத்தாலோ நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், திரும்பி நடங்கள், திட்டாதீர்கள். தண்டனை இல்லாமல் இந்த முறையில் வேலை செய்கிறவரைத் தேடுங்கள், நடத்தை மருத்துவம் படித்த கால்நடை மருத்துவர் கிடைத்தால் இன்னும் நல்லது. தேவைப்பட்டால் பதற்றத்தைக் குறைக்கிற மருந்தும் அவர் தருவார், அது வேலை செய்யச் சில வாரம் ஆகும்.

இவ்வளவும் செய்து என்ன கிடைக்கும்? எதிர்ச்சாரியில் ஒரு நாய் போகும்போது மணி உங்கள் முகத்தைப் பார்ப்பான். அதுவே பெரிய வெற்றி. மற்ற நாய்களோடு கலந்து ஓடி விளையாடுகிற மணி இனி வரமாட்டான், அந்த ஆசையை நீங்கள் இப்போதே விட்டுவிட்டால் மற்ற முடிவுகள் எல்லாம் சுலபமாகிவிடும். நாய்க்கு நாய் நண்பர்கள் இருந்தே ஆகவேண்டும் என்பது நாமாகக் கட்டிக்கொண்ட நினைப்பு, மோப்பம் பிடிக்க இடமும் விளையாட மனிதர்களும் இருந்தால் நிறைய நாய்களுக்குப் போதும். மணி குணமாவானா என்பதை விட்டுவிட்டு, குணமாகாத மணியை இன்னும் எட்டோ பத்தோ வருடம் உங்கள் வீட்டால் பத்திரமாக வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அது கேட்டிலிருந்து தொடங்குகிறது. ஒன்பது வயதுப் பையன் கேட்டைச் சாத்த மறப்பான், நீங்களும் ஒரு நாள் மறப்பீர்கள், யாரையும் திட்டிப் பயனில்லை. அதனால் ஒரு கதவை நம்பாமல் இரண்டு கதவு: வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே இன்னொரு தடுப்பு, கேட்டில் தானாக மூடிக்கொள்கிற கொண்டி. வெளியே போகும்போது நீட்டிச் சுருக்குகிற கயிறு வேண்டாம், உறுதியான நீளம் குறைந்த கயிறு, பெரியவர் கையில் மட்டும். பையன் அவனை வெளியே கூட்டிப்போவது இன்றோடு நின்றுவிட வேண்டும், 30 கிலோ பாய்ந்தால் அவனால் பிடிக்க முடியாது. நாய்கள் அவிழ்ந்து திரிகிற இடமும் நேரமும் கிடையாது.

அப்புறம் வாய்மூடி, மஸில் என்பார்களே, அது. கூடை மாதிரி இருப்பதை வாங்குங்கள், அதைப் போட்டுக்கொண்டே நாய் வாயைத் திறந்து இரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், தின்பண்டமும் வாங்கலாம். வாயை இறுக்கிக் கட்டுகிற துணி மூடி நடைக்கு ஆகாது, இரைக்க முடியாத நாய்க்கு உடம்புச் சூடு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். வாங்கின அன்றைக்கே மூக்கில் மாட்டி இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கூடைக்குள் தின்பண்டத்தைப் போட்டு அவனாகவே மூக்கை நுழைக்க விடுங்கள், சில நாள் கழித்து ஒரு நொடி வார், அப்புறம் அரை நிமிடம், அப்புறம் வீட்டுக்குள் நடை. இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் கூடையைக் கண்டதும் அவனே ஓடிவருவான். தெருவில் பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும், நாய் வைத்திருக்கிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள், உங்களுக்கு வேண்டியதும் அதுதானே. ஆனால் வாய்மூடி போட்டாயிற்று என்று மற்ற நாய்களிடம் நெருக்கிப் பார்க்காதீர்கள்.

இன்னொரு சண்டை வந்தே விட்டால் கையை முகத்துப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், அந்த வெறியில் அவன் உங்கள் கையையும் கடிப்பான். தண்ணீரைக் கொட்டுங்கள், கனத்த போர்வையைப் போடுங்கள், இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னால் இழுங்கள். கவ்விப் பிடித்திருக்கிற நாயை மட்டும் அப்படி இழுக்காதீர்கள், சதை கிழியும், முதலில் பிடியை விட வையுங்கள். கடிபட்ட நாய்க்கு வெளியே சின்ன ஓட்டைதான் தெரியும், உலுக்கியதில் தோலுக்கு அடியில் பிய்ந்திருக்கும், உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மனிதர் யார்மேலாவது பல் பட்டிருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். மணியின் ரேபிஸ் தடுப்பூசித் தேதியையும் இப்போதே எடுத்துப் பாருங்கள்.

பெரிய இடம் வைத்திருக்கிற தெரிந்தவர் விஷயத்துக்கு வருகிறேன். பெரிய இடம் என்றதும் எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கிறது, ஆனால் வேலி பலமா, அங்கே வேறு நாய் இருக்கிறதா, யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டீர்களா? வேறு நாயே இல்லாத, நல்ல வேலி போட்ட, பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீடு என்றால் தாராளமாகக் கொடுக்கலாம், அது மணிக்கு உங்கள் வீட்டைவிட நல்ல இடமாகவே இருக்கலாம். நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிக் கொடுக்க வேண்டும், தையல் போட்டது உட்பட. சொன்னால் யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்களே என்று தோன்றினால், சொல்லாமல் கொடுப்பதும் கூடாது என்றுதான் அர்த்தம். எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கருணைக்கொலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தூக்கம் வராத ராத்திரிகளில் அதுவும் மனதில் ஓடியிருக்கும். இப்போதைக்கு அது தேவை என்று நான் நினைக்கவில்லை. மனிதரிடம் பல்லைக் காட்டாத, வலிக்கு வைத்தியமே பார்க்காத, வாய்மூடியே போட்டுப் பார்க்காத நாய் மணி. ஆனால் இத்தனையும் செய்த பிறகும் நாயைக் கண்டதும் தேடிப்போய்க் கொல்லப் பார்க்கிறான், அல்லது தடுக்கிற உங்கள் வீட்டாரையே கடிக்கத் தொடங்குகிறான், கொடுக்கவும் தகுந்த இடமில்லை என்று ஆகிவிட்டால், மருத்துவரோடு உட்கார்ந்து அந்த முடிவை எடுக்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வாழ்நாள் முழுக்கக் கூண்டில் அடைத்து வைப்பதைவிட அது இரக்கமானது.

என்னைக் கேட்டால் மூன்று மாதம் கொடுங்கள். மருத்துவர், இரண்டாவது கதவு, வாய்மூடி, தூரத்திலிருந்து பயிற்சி. இதை உங்கள் கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள், அவர் முடியாது என்றால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வீட்டில் ஒருவர் அரை மனதோடு இருந்தால் இந்த ஏற்பாடு ஒரு வாரம்கூடத் தாங்காது. மூன்று மாதத்தில் மணி ஒரு தடவையாவது கட்டு மீறி வெளியே போய்விட்டான் என்றால், உங்கள் வீட்டால் முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு வேறு வீடு தேடத் தொடங்குங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லையே? மருத்துவச் செலவு முழுவதையும், இனிமேல் கட்டு மாற்றுவதற்கு ஆகிறதையும் சேர்த்து நீங்கள் கொடுங்கள், அவர்கள் கேட்கக் காத்திருக்காதீர்கள். கேட்டில் என்ன செய்திருக்கிறீர்கள், மணியை எந்த நேரத்தில் வெளியே கூட்டிப்போகப் போகிறீர்கள் என்பதை நேரில் போய்ச் சொல்லுங்கள், மணி வீட்டில் தங்கமானவன் என்பதைச் சொல்லாதீர்கள். அவர்கள் கோபமாகப் பேசினால் நின்று கேட்டுக்கொள்ளுங்கள்.