மூன்றாம் நாள் வந்த பதில்

அன்புள்ள ஐயா,
நெருங்கிய நண்பனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டான், இரண்டு நாளாகப் பதிலே இல்லை. பதவி உயர்வு வந்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது. மூன்றாம் நாள் 'வேலை அதிகம்டா, மன்னிச்சுக்கோ' என்று ஒப்புக்கு ஒரு வரி. மனிதர்களை எடைபோடுவதில் நான் தவறியதில்லை. இந்த நட்பைத் தொடரலாமா?
– க.

அன்புள்ள க.,

உங்கள் வருத்தம் புரிகிறது. வேண்டியவரிடமிருந்து பதில் வராவிட்டால் மனம் படும் பாடு சாதாரணமானதல்ல. ஆனால் நடந்தது என்ன? செய்தி போனது, அவர் பார்த்தார், மூன்றாம் நாள் பதில் வந்தது. அவ்வளவுதான். தலைக்கனமும் 'ஒப்புக்கு' என்பதும் நீங்கள் சேர்த்தவை. எடைபோடுவதில் தவறியதில்லை என்பதை விடுங்கள், எல்லோரும் சொல்வதுதான்.

கொஞ்ச நாளாகவே ஒரு பழைய ஆய்வு என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற உளவியலாளர்கள் 1944-இல் வெளியிட்டது. சிறு படம் ஒன்று: பெரிய முக்கோணம், சின்ன முக்கோணம், ஒரு வட்டம் மூன்றும் அங்குமிங்கும் நகர்கின்றன. முதலில் பார்த்த 34 பேரில் ஒரே ஒருவர்தான் வடிவங்கள் நகர்ந்ததாக எழுதினார். மற்றவர்கள் உயிருள்ளவையாகவே கண்டார்கள்; சண்டை, துரத்தல் என்று கதையே சொன்னார்கள். பெரிய முக்கோணம் முரடனாகிவிட்டது. முக்கோணத்துக்கே குணம் கற்பிக்கிற மனம் நண்பரை விட்டுவைக்குமா?

அதனால் ஊகிக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். முடியாத காரியம் அது. என் கோபம் வேறு. பதில் வராதபோது தலைக்கனம் என்றீர்கள், சரி. அப்புறம் பதில் வந்தது, மன்னிப்பும் கேட்டார். அப்போதாவது உங்கள் ஊகம் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்க வேண்டாமா? அந்த மன்னிப்பையே குற்றப்பத்திரிகையில் சேர்த்துவிட்டீர்கள்! வராவிட்டால் திமிர், வந்தால் நடிப்பு. அவர் வேறு என்னதான் செய்திருக்க வேண்டும்? எது நடந்தாலும் அசையாத ஊகத்தை வைத்துக்கொண்டு ஒருவரை விசாரிப்பது அநியாயம். தீர்ப்பை எழுதி முடித்துவிட்டுச் சாட்சியைக் கூப்பிடுகிறீர்கள்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒருவர், யார் பேச வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மரியாதை தெரியாதவர் என்று பெயர். சிரித்தபடி திரும்பினால் நக்கல் என்றார்கள். புதிதாக வந்த ஒரு பெண் நேராகவே கேட்டுவிட்டாள். "இடது காது கேட்காதும்மா, வலது காதைக் கொடுக்கிறேன்" என்றார். அதுவரை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை.

நட்பைத் தொடரலாமா என்று என்னைக் கேட்கிறீர்கள். முதலில் அவருக்குப் போன் செய்யுங்கள். அந்த மூன்று நாள் எப்படி இருந்தாய் என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.