நகர மையத்தில் ஆறு ஓடியும் கரை ஏன் வெறிச்சோடிக் கிடக்கிறது? எப்படி உயிரூட்டலாம்?

உயிரூட்டுவது என்றால் வண்ணம் பூசி விளக்குப் போடுவது அல்ல. வேலை எதுவும் இல்லாதவரும் வந்து அரைமணி நேரம் உட்கார்ந்து போகும்படி செய்வது.

பல ஊர்களில் ஆறு சரக்குக்கும் கழிவுக்குமான வழியாகவே இருந்தது. அதனால் கட்டடங்கள் அதற்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. நடுவில் அகலச் சாலை வேறு. வாசல் இல்லாத கொல்லைப்புறம் மாதிரிதான்: ஆள் புழங்காத பக்கம் குப்பை சேரும்.

ஆகவே முதல் வேலை, சாலையைக் கடக்க எளிய வழியும் ஆற்றைப் பார்த்த கடை வாசல்களும். தென் கொரியாவின் சியோலில் மேம்பாலச் சாலையையே இடித்து, அதன் அடியில் மூடிக்கிடந்த சியோங்கியேசியோன் ஓடையை 2005இல் திறந்தார்கள்.

அடுத்தது நிழல், கழிப்பறை, இருக்கை. நகர்த்தக்கூடிய நாற்காலிகளே என் தேர்வு. நியூயார்க் சதுக்கங்களைப் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட் கவனித்தது இது: மக்கள் உட்காருமுன் நாற்காலியைச் சற்றே நகர்த்துகிறார்கள், சில சமயம் பழைய இடத்துக்கே! எங்கே உட்காருவது என்பது தம் கையில் இருப்பதே அவர்களுக்குப் பிடிக்கிறது.

பிரம்மாண்ட நீரூற்றோ லேசர் காட்சியோ வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கூட்டம் வரும், காட்சி முடிந்ததும் கலைந்துவிடும்.