டிவிடி ரைட்டர்: வாங்கும் முன்பும் மக்கர் பண்ணும்போதும் – கேள்வி பதில்

கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். புது கேபினெட்டில் முன்பக்கம் டிரைவ் போட இடமே இல்லை. யூஎஸ்பி ரைட்டர் வாங்கலாமா சார்?

எப்போதாவது ஒரு டிஸ்க் எழுதுபவருக்கு யூஎஸ்பி ஸ்லிம் ரைட்டர் போதும். வாராவாரம் எழுதும் உங்களுக்கு அது சரிவராது. ஸ்லிம் டிரைவ் 5 வோல்ட் மின்சாரத்தை மட்டும் நம்பி ஓடுவது. எழுதும் வேகமும் பெரும்பாலும் 8எக்ஸ் (அடிப்படை வேகத்தைப் போல் எட்டு மடங்கு) வரைதான். டெஸ்க்டாப்புக்கான முழு அளவு டிரைவுக்கு 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் தனித்தனியாகப் போகின்றன. அதனால் மோட்டார் தடுமாறாது, தொடர்ந்து பல டிஸ்க் எழுதினாலும் தாங்கும்.

5.25 அங்குல இடம் இல்லாத கேபினெட்டுக்கு நல்ல வழி, முழு அளவு சாட்டா (கம்ப்யூட்டருக்குள் கேபிளில் இணையும் வகை) டிரைவை வாங்கி, தனி 12 வோல்ட் அடாப்டர் உள்ள வெளிப்பெட்டியில் போட்டு யூஎஸ்பி-யில் இணைப்பது. ஸ்லிம்தான் வாங்குவேன் என்றால், கேபினெட்டின் பின்னால் மதர்போர்டிலேயே உள்ள போர்ட்டில் செருகுங்கள். முன்பக்க போர்ட்டும் ஹப்பும் வேண்டாம். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர். எழுதத் தொடங்கும்போது டிரைவ் அதைவிட அதிகம் இழுத்தால் பாதியில் துண்டிக்கும். யூஎஸ்பி 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர் தரும், அதில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இருக்காது.

24எக்ஸ் டிரைவுக்கும் 16எக்ஸ் டிரைவுக்கும் விலை வித்தியாசம் கொடுப்பது வீணா?

வேகத்துக்காக என்றால் வீண். டிவிடி-யில் 1எக்ஸ் என்பது நொடிக்கு சுமார் 1.385 எம்பி. 24எக்ஸ் வேகம் டிஸ்கின் வெளி ஓரத்தை எட்டும்போதுதான் கிடைக்கும். உள்வட்டத்தில் பாதிகூட வராது. கடையில் கிடைக்கும் டிஸ்குகளும் 16எக்ஸ் என்றே அச்சிடப்பட்டவை.

16எக்ஸ் டிஸ்கை 8எக்ஸில் எழுதுங்கள். முழு டிஸ்க் எட்டு ஒன்பது நிமிடத்தில் முடியும், 16எக்ஸில் ஐந்து ஆறு நிமிடம். மூன்று நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய் ஓரத்தில் பிழைகளை ஏற்றிக்கொள்ள வேண்டாம். அதற்காக எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது என்றும் இல்லை. ஒவ்வொரு டிஸ்க் வகைக்கும் லேசரை எப்படித் துடிக்க வைப்பது என்ற கணக்கு டிரைவின் ஃபர்ம்வேரில், அதாவது டிரைவுக்குள்ளேயே பதிந்த மென்பொருளில் இருக்கிறது. 16எக்ஸ் டிஸ்குக்கு அந்தக் கணக்கு நன்றாகப் பொருந்துவது நடுத்தர வேகங்களில்தான்.

டிவிடி டிஸ்கில் பிளஸ் ஆர் வகையா, மைனஸ் ஆர் வகையா?

இன்றைய டிரைவ்கள் இரண்டையும் எழுதும். வீட்டிலுள்ள பழைய டிவிடி பிளேயருக்கு என்றால் மைனஸ் ஆர் வாங்குங்கள். இரட்டை அடுக்கு டிஸ்க் வேண்டுமென்றால் பிளஸ் ஆர் டிஎல். 4.7 ஜிபி என்று வாங்கிய டிஸ்க் விண்டோஸில் 4.38 என்று காட்டினால் யாரும் ஏமாற்றவில்லை. கணக்கிடும் முறை வேறு, அவ்வளவுதான்.

அண்ணா, நேற்று வரை வேலை செய்த ரைட்டர் இன்று திஸ் பிசி-யில் காட்டவே இல்லை. புதுசு வாங்கிவிடவா?

பொறுங்கள். முதலில் எஜெக்ட் பட்டனை அழுத்துங்கள். டிரே வெளியே வரவில்லை, விளக்கும் எரியவில்லை என்றால் மின்சாரம் போகவில்லை. எஸ்எம்பிஎஸ்-இலிருந்து (கேபினெட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டி) வரும் வேறொரு சாட்டா பவர் கனெக்டரை மாற்றிச் செருகிப் பாருங்கள். பழைய நான்கு பின் கனெக்டரை சாட்டாவாக மாற்றும் விலை குறைந்த அடாப்டரைத் தவிர்க்கவும். கம்பிகளை அச்சில் வைத்து பிளாஸ்டிக் ஊற்றி மூடிய வகையில் உள்ளுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடித்ததுண்டு.

டிரே வருகிறது என்றால் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள். அங்கேயும் பெயர் இல்லையென்றால் டேட்டா கேபிளை மாற்றுங்கள், பிறகு வேறு சாட்டா போர்ட்டில் செருகுங்கள். சமீபத்தில் எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டிலேயே செருகும் பட்டை வடிவச் சேமிப்பு) போட்டீர்களா? பல மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஓரிரு சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். எந்த எண் போர்ட் என்று போர்டின் கையேட்டில் இருக்கும். நல்ல டிரைவைக் குப்பையில் போடவைக்கும் காரணங்களில் இது முக்கியமானது.

பயாஸில் தெரிந்து விண்டோஸில் மட்டும் இல்லையா? டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு பிழை எண் (கோட்) 19 அல்லது 39 இருந்தால், ஏதோ ஒரு பர்னிங் மென்பொருள் நீக்கப்பட்டபோது விட்டுச்சென்ற மிச்சம்தான் பெரும்பாலும் காரணம். ரெஜிஸ்ட்ரி எடிட்டரை (விண்டோஸின் உள் அமைப்புகளை மாற்றும் கருவி) திறந்து, லோக்கல் மெஷின் பகுதியில் சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று உள்ளே போங்கள். 4டி36இ965 என்று தொடங்கும் ஃபோல்டர்தான் சிடி, டிவிடி டிரைவ்களுக்கு உரியது. முதலில் அதை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். வலப்பக்கம் அப்பர் ஃபில்டர்ஸ், லோயர் ஃபில்டர்ஸ் என்ற மதிப்புகள் இருந்தால் அவற்றை மட்டும் நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு ஏதாவது பர்னிங் மென்பொருள் ஓட மறுத்தால் அதை மறுபடி நிறுவினால் போதும்.

எழுதத் தொடங்கியதுமே "பவர் கேலிபரேஷன் எரர்" என்று நிற்கிறது. ஆனால் பழைய டிவிடி எல்லாம் நன்றாகப் படிக்கிறதே?

படிப்பதும் எழுதுவதும் ஒரே வேலையல்ல. எழுதும்போது லேசருக்குப் பல மடங்கு திறன் வேண்டும். தேய்ந்த லேசர் படிப்பதைக் கடைசிவரை செய்யும், எழுதுவதை முதலில் கைவிடும். ஒவ்வொரு முறை எழுதுமுன்பும் டிஸ்கின் உள் ஓரத்தில் சோதனைக்கென ஒதுக்கிய இடத்தில் டிரைவ் கொஞ்சம் எழுதிப் பார்த்து, இந்த டிஸ்குக்கு எவ்வளவு திறன் சரி என்று முடிவு செய்யும். அந்தச் சோதனை தோற்றால் வரும் செய்திதான் இது.

தவறு டிஸ்கிலா டிரைவிலா என்று பிரித்துப் பாருங்கள். வேறு தயாரிப்பாளரின் டிஸ்க் ஒன்றை 8எக்ஸில் முயலுங்கள். உறைமேல் இருக்கும் பெயரை நம்பாதீர்கள்: ஒரே பிராண்டு வெவ்வேறு ஆலைகளில் வாங்கி விற்கும். இம்க்பர்ன் போன்ற மென்பொருளில் டிஸ்கைப் போட்டால் மீடியா ஐடி என்று காட்டும். அதுவே உண்மையான அடையாளம். அடுத்து, அந்த மாடலுக்கு புது ஃபர்ம்வேர் உண்டா பாருங்கள். பிறகு லென்ஸ்: தூய ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த காட்டன் பட்ஸால், அழுத்தாமல் ஒரு துடைப்பு.

சிடி எழுதுகிறது, டிவிடி மட்டும் எழுதவில்லை என்றாலும் வியக்க வேண்டாம். சிடி-க்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடி-க்கு 650. ஒன்று செத்து மற்றது வாழலாம். மூன்று வெவ்வேறு மீடியா ஐடி-யிலும் தோற்றால் டிரைவை மாற்றுங்கள். லேசர் மாற்றும் கூலிக்குப் புது டிரைவே வந்துவிடும்.

என் கம்ப்யூட்டரில் ஓடும் டிவிடி, டிவி-யோடு இருக்கும் பிளேயரில் "நோ டிஸ்க்" என்கிறது.

விண்டோஸில் இழுத்துப் போட்டு எழுதினீர்கள் என்று நினைக்கிறேன். காலி டிஸ்கைப் போட்டதும் விண்டோஸ் இரண்டு வழி கேட்கும். "யூஎஸ்பி பிளாஷ் டிரைவ் போல" என்பதைத் தேர்ந்தால் பிளேயருக்குப் புரியாத வகையில் எழுதும். சிடி, டிவிடி பிளேயருக்கு என்ற இரண்டாவதைத்தான் தேர வேண்டும்.

அப்படி எழுதினாலும், எம்பி4 கோப்பை அப்படியே போட்டால் பல பிளேயர்கள் தொடாது. டிவிடிஸ்டைலர் போன்ற இலவச மென்பொருளில் கொடுத்து, பிஏஎல் என்ற நம் ஊர் டிவி முறையில், 720க்கு 576 அளவில், நொடிக்கு 25 ஃபிரேமாக மாற்றி, வீடியோ டிஎஸ் ஃபோல்டர் உள்ள டிவிடி-யாக்குங்கள். எழுதும்போது ஃபைனலைஸ் செய்வதை (மற்ற பிளேயர்கள் படிக்கும்படி டிஸ்கை மூடி முடிப்பது) விட்டுவிடாதீர்கள். வாடிக்கையாளர் கையில் கொடுக்குமுன் வெரிஃபை (எழுதியதைப் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டியே தீர வேண்டும். "பர்ன் சக்ஸஸ்ஃபுல்" என்ற செய்தி எழுதி முடித்ததைச் சொல்கிறதே தவிர, எழுதியதைப் படிக்க முடியும் என்று சொல்வதில்லை.

டிரே திறக்கவில்லை, உள்ளே டிஸ்க் மாட்டிக்கொண்டது.

கம்ப்யூட்டரை அணைத்து மின்சாரத்தைத் துண்டியுங்கள். முன்பக்கச் சிறு துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராகச் செலுத்தி மெல்ல அழுத்தினால் டிரே சற்று வெளியே வரும், மிச்சத்தைக் கையால் இழுக்கலாம். அடிக்கடி இப்படி ஆனால் உள்ளே டிரேயை இழுக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். ஆல்கஹாலில் துடைத்தால் சில காலம் ஓடும், புது பெல்ட் போட்டால் முழுசாகச் சரியாகும்.

ஸ்கேன் சென்டரில் கொடுத்த எம்ஆர்ஐ சிடி திறக்கவில்லை. எது பழுது?

சிடி-யில் கோப்புகள் தெரிந்தால் எதுவும் பழுதில்லை. அவை டிகாம் என்ற மருத்துவ ஸ்கேன் வகைப் படங்கள், சாதாரணப் பட மென்பொருள் திறக்காது. மைக்ரோடிகாம் போன்ற டிகாம் வியூவர் வேண்டும். முழு சிடி-யையும், ஃபோல்டர் அமைப்பு கலையாமல், இன்றே ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துவிடுங்கள்.

குடும்பப் படங்களை நீண்ட காலம் வைக்க எது வாங்க?

ப்ளூ-ரே ரைட்டரும் 25 ஜிபி பிடி-ஆர் (ஒருமுறை எழுதும் ப்ளூ-ரே) டிஸ்கும். எழுதும் டிவிடி-யில் தகவல் நிற்பது கரிமச் சாயத்தில். வெயிலும் வெப்பமும் அதைக் கெடுக்கும். சாதாரண பிடி-ஆர் டிஸ்கில் இருப்பது கனிம அடுக்கு. விலை குறைவாகக் கிடைக்கும் எல்டிஎச் வகையில் மறுபடியும் சாயம்தான், அதை வாங்காதீர்கள். மறுபடி எழுதும் ஆர்டபிள்யூ வகையும் இதற்கு வேண்டாம்.

டிஸ்கை விளிம்பு வரை நிரப்பாமல் ஒன்றிரண்டு ஜிபி காலியாக விடுங்கள். பிழைகள் முதலில் தலைகாட்டுவது ஓரத்தில். மேலே ஸ்டிக்கர் ஒட்டாமல் டிஸ்குக்கான மார்க்கரால் எழுதுங்கள். இரண்டு வெவ்வேறு தயாரிப்பாளரின் டிஸ்கில் ஒவ்வொரு நகல், ஹார்ட் டிஸ்கில் இன்னொன்று. வாங்க நினைத்தால் தள்ளிப்போடவும் வேண்டாம்: எழுதும் ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது.

அந்த ரைட்டரிலேயே 4கே ப்ளூ-ரே படமும் பார்க்கலாமா?

அதை நம்பி வாங்காதீர்கள். விண்டோஸில் ப்ளூ-ரே பிளேயரே கிடையாது, தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். 4கே டிஸ்குக்கு இன்டெல் பிராசசரின் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதியும் தேவை. 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களிலிருந்து இன்டெல் அதை எடுத்துவிட்டது. படம் பார்க்க டிவி-யோடு இணைக்கும் தனி 4கே பிளேயர் வாங்குங்கள்.