கோளாறு எண்ணுக்குப் பட்டியல் எதற்கு?

ரோஸ் ஹில் வாசகர் ஒருவரின் கேள்வி: "என் சி புரோகிராமில் ஃபைல் திறக்காவிட்டால் 2, 13 என்று வெறும் எண்தான் வருகிறது. டியூஷனில் கொடுத்த பட்டியலை வைத்து ஒரு பெரிய ஸ்விட்ச் எழுதினேன். நண்பனின் மேக்கில் சில எண்களுக்குத் தப்பான செய்தி வருகிறது. என்ன செய்வது?"

முதலில் அந்த ஸ்விட்சை அழித்துவிடுங்கள் தம்பி. லினக்ஸில் 11 என்றால் 'இப்போதைக்கு முடியாது, பிறகு முயன்று பார்'. மேக்கில் அதற்கு எண் 35, அங்கே 11 என்பது டெட்லாக் (ஒன்றுக்கொன்று காத்திருந்து சிக்கிக்கொள்வது). உங்கள் 2-ம் (ஃபைல் இல்லை) 13-ம் (அனுமதி இல்லை) இரண்டிலும் ஒன்றாக இருக்கப்போய்த்தான் இந்த மாதிரிப் பட்டியலை நோட்ஸ் என்று காசுக்கு விற்பவர்கள் பிடிபடாமல் தப்பிக்கிறார்கள். சிஸ்டமே இலவசமாகச் சொல்வதை இவர்களிடம் எதற்கு வாங்க வேண்டும்?

ஸ்ட்ரிங்.எச் சேர்த்து, ஸ்ட்ரெர்ரர் என்ற ஃபங்ஷனிடம் எர்னோவை (கோளாறு எண் வந்து உட்காரும் இடம் அதுதான்) கொடுங்கள், வாசகம் வரும். திரையில் காட்டினால் போதும் என்றால் பெர்ரர் என்ற ஃபங்ஷன், ஒரே வரி. ஆனால் ஃபைல் திறக்கவில்லை என்று தெரிந்ததும் முதல் வேலையாக எர்னோவை உங்கள் சொந்த இன்ட்டில் எடுத்து வையுங்கள், ஏனென்றால் நடுவில் ஒரு பிரின்ட்எஃப் போட்டாலும் அது மாறிவிடலாம், அப்புறம் வேறு ஏதோ கோளாறைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

வாசகத்தை ஸ்ட்ரிங்காக ஒப்பிடாதீர்கள். நம் மொரிஷியஸில் பலர் கணினியைப் பிரெஞ்சில் வைத்திருக்கிறோம், செட்லோகேல் (கணினியின் மொழி அமைப்பை எடுத்துக்கொள்ளும் ஃபங்ஷன்) அழைத்த புரோகிராமில் செய்தியும் பிரெஞ்சில் வரலாம். எண்ணை ஒப்பிட ஈநோஎன்ட் (உங்கள் 2-க்கான பெயர்) மாதிரிப் பெயர்கள் இருக்கின்றன.

பல திரெட் (ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) ஓடினால் மட்டும் ஸ்ட்ரெர்ரருக்குப் பதில் ஸ்ட்ரெர்ரர்_ஆர். இங்கேதான் எனக்கு எரிச்சல். லினக்ஸில் ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன். போசிக்ஸ் (பல சிஸ்டங்களுக்கும் பொதுவான தர விதி) வகை, நீங்கள் கொடுத்த பஃபரில் (எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடம்) எழுதிவிட்டு 0 தரும். குனூ (லினக்ஸின் சி நூலகத்தை எழுதிய திட்டம்) வகை, வாசகம் இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு பாயின்டரைத் தரும், பஃபரைத் தொடாமலே கூட விட்டுவிடும், அப்போது பஃபரை அச்சிட்டால் குப்பைதான். வேறு எதற்காகவோ யாராவது _குனூ_சோர்ஸ் என்ற மேக்ரோவைப் போட்டால் சத்தமில்லாமல் குனூ வகை வந்து உட்காரும். சி++ கம்பைலரான ஜி++ அந்த மேக்ரோவைத் தானாகவே போட்டுக்கொள்ளும். யார் இப்படி யோசித்தார்களோ! சரி, எந்த வகை வருகிறது என்று பார்த்து, குனூ என்றால் திரும்பி வந்த பாயின்டரை அச்சிடுங்கள், போசிக்ஸ் என்றால் பஃபரை. கம்பைலர் எச்சரிக்கைகளை அணைக்காமல் இருந்தால் கலந்து எழுதியது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.