அமெரிக்காவில் வயலுக்கும் மாட்டுக்கும் ரயில் பாதைக்கும் வேலி போட வேண்டியது யார்?

இங்கிலாந்தின் பழைய சட்டப்படி, மாட்டை அடக்கி வைப்பது மாட்டுக்காரர் பொறுப்பு. அமெரிக்காவில் காடும் மேய்ச்சலும் பரந்து கிடந்ததால் பல பகுதிகளில் இது தலைகீழானது: பயிர் வைத்தவர்தான் வேலி போட வேண்டும். ஒழுங்கான வேலி இல்லாவிட்டால் மாடு மேய்ந்ததற்கு நஷ்டஈடு கிடையாது.

மரம் குறைந்த சமவெளியில் வேலிக்கு எங்கே போவது? 1874இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றதும் நிலைமை மாறியது. டெக்சாஸில் பெரும் பண்ணையார்கள் பொதுப் பாதையையும் நீர்நிலைகளையும் சேர்த்தே வளைத்தார்கள். 1883 வறட்சியில் தண்ணீருக்குத் தவித்த சிறு மாட்டுக்காரர்கள் இரவோடு இரவாகக் கம்பியை அறுத்தார்கள். உயிர்களும் போயின. 1884இல் வேலி அறுப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றமானது. அடுத்தவர் நிலத்தை வளைப்பதும் குற்றம் என்றார்கள். ஆனால் அதற்குத் தண்டனை லேசு. இது எனக்கு அநியாயமாகவே படுகிறது. மத்திய அரசின் பொது நிலத்தை வளைக்க 1885இல் நாடாளுமன்றம் தடை போட்டது.

ரயில்வே கதை வேறு. பல மாநிலங்கள் பாதையோரம் வேலி போடும் கடமையை நிறுவனங்கள் மீதே சுமத்தின. மிசௌரியில் வேலி இல்லாத இடத்தில் ரயில் மோதி மாடு செத்தால் இரட்டிப்பு நஷ்டஈடு. நிறுவனம் வழக்காடியது; 1885இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. வேலி மாட்டை மட்டுமல்ல, ரயிலில் போகும் பயணிகளையும் காக்கிறது என்பது அங்கே சொல்லப்பட்ட முக்கியமான காரணம்.

அப்புறம், விவசாயிகள் பெருகிய பகுதிகளில் பொறுப்பு மறுபடி மாட்டுக்காரரிடமே போனது. மேற்கு மாநிலங்கள் சிலவற்றில், வேலி போட வேண்டியது நிலத்துக்காரர்தான் என்ற திறந்தவெளி மேய்ச்சல் விதி இன்றும் உண்டு.